ஒப்புதல் பெற்ற காட்சி

அந்தப் பிரெஞ்சு நாவல்களை என்னிடம் கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். மகளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. கோயம்புத்தூரில் என் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவருடைய கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். அவள் வாயில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்கூல்ல பிரெஞ்சு சொல்லித் தர்றீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. நெசந்தானுங்களா?"

ஆமாம் என்றேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனவர் மூன்று தடித்த புத்தகங்களோடு வந்தார். ஒரே ஆசிரியை எழுதியவை, ஒரே கதையின் மூன்று பாகங்கள். முதல் பாகத்தை ஆங்கிலத்தில் படித்திருக்கிறார். மற்ற இரண்டும் இன்னும் ஆங்கிலத்தில் வரவில்லை. அடுத்து என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்க முடியாமல், ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாத மொழியில் மூன்றையும் வாங்கி வைத்திருந்தார்.

"படிச்சுப்போட்டு கதைய மட்டும் சொல்லுங்க மேடம். அது போதும்" என்றார்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாடகக் குழு நடத்துவது எனக்கு அப்போது தெரியாது. கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்ப்பார்கள். வங்கியில் வேலை செய்பவர்கள், மென்பொருள்காரர்கள், ஒரு வக்கீல் என்று பத்துப் பேர் இருந்தார்கள்.

மே மாத விடுமுறையில் மூன்று பாகங்களையும் படித்தேன். வடக்கு பிரான்சில் ஒரு சிற்றூர், அதில் ஒரு பேக்கரி. கணவன் ரொட்டி சுடுகிறான், மனைவி கல்லாவில் நிற்கிறாள். அவன் பகலில் தூங்குவதால் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. அவன் அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், குடிக்க மாட்டான். ஊரே அவனை நல்லவன் என்கிறது. உண்மையிலேயே நல்லவன்தான். அவளுக்கு அங்கே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் கதை. முதல் பாகத்தில் கிளம்புகிறாள், பனி கொட்டி ரயில் ஓடவில்லை. இரண்டாவதில் கிளம்புகிறாள், அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. மூன்றாவது முடியும்போது பெட்டியைத் திரும்பவும் அலமாரிக்கு மேலே வைக்கிறாள். நான்காம் பாகத்தை ஆசிரியை எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

இதை மருத்துவரிடம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கேட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

"மேடம், இது நம்மூர்க் கதையுங்க. பேக்கரி இல்லாத தெரு இங்க ஏது? நாடகமாப் போட்டுறலாமுங்க. நீங்க எழுதிக் குடுங்க."

முடியாது என்று சொல்லித்தான் எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது சரி என்று சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடக்கும். 'உங்களுக்குச் சிரமமா இருந்தா வேண்டாமுங்க' என்று ஒருவர் இரண்டு முறை சொல்லிவிட்டால், மூன்றாவது முறை சிரமமில்லை என்று நாமே சொல்லிவிடுவோம்.

பதிப்பகத்துக்கு எழுதினோம். அவர்களுடைய உரிமைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. நாடகமாக்கலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பிரதி முழுவதும் பிரெஞ்சில் திரும்ப எழுதப்பட்டு ஆசிரியைக்கு வர வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகு எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஒரு வசனத்தைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. ஒப்பந்தத்தில் மருத்துவரின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது. அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். ஊருக்குள் கணபதி பகுதியில் பம்பு செட்டுக்கு உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். "செய்யி அம்மணி. நா வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றார். அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் ஒத்திகை உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒன்று வந்துவிடும். ஒரு வாரம் ஆனைமலைக் கோயிலுக்கு வேண்டுதல் இருந்தது. இன்னொரு வாரம் பெருந்துறையிலிருந்து சொந்தக்காரர்கள் ஒறம்பரையாக வந்தார்கள். வந்தவர்களுக்குச் சமைத்து, பரிமாறி, ஊர்க்கதை பேசி அனுப்புவதற்குள் ஒத்திகை முடிந்துவிடும். "அடடா, இன்னிக்கு உனக்கு அது இருந்துச்சே, மறந்தே போச்சு" என்பார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரியும். அதனால்தான் சண்டை போட முடியாது.

பிரதியை எழுதும்போது இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது மொழிச் சிக்கல். மூன்றாம் பாகத்தில் அந்த மனைவி ஒரு நாள் கணவனிடம் மரியாதைப் பன்மையில் பேசத் தொடங்குகிறாள். பிரெஞ்சில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஒருமையில்தான் அழைப்பார்கள். அங்கே மனைவி மரியாதைக்கு மாறினால் உறவு முடிந்துவிட்டது என்று பொருள். படிக்கிறவருக்குக் குளிர் எடுக்கும். எங்கள் பேச்சில் மனைவி முதல் நாளிலிருந்தே 'ஏனுங்க, வாங்க, சாப்புடுங்க' என்றுதான் சொல்கிறாள். அதற்கு மேல் தள்ளிப் போக மரியாதையில் இடம் ஏது? அப்படியானால் மரியாதையை எடுத்துவிடலாம் என்று 'நீ போ' என்று எழுதினேன்.

கதாநாயகியாக நடித்தவள் சோமனூர்க்காரி. கல்யாணமாகி ஒரு பிள்ளை, வங்கியில் வேலை. அந்த வசனத்தைச் சொல்ல வாயைத் திறப்பாள், 'நீ போங்க' என்று வரும். ஒன்பது முறை அப்படியே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, இப்பிடி யாரும் பேச மாட்டாங்க. எங்கம்மா எங்கப்பாகூட அஞ்சு மாசம் சண்டை. நீன்னும் சொல்லல, நீங்கன்னும் சொல்லல. கூப்புடவே இல்ல. 'சாப்பாடு இருக்குது'ம்பாங்க. 'கதவு தொறந்திருக்குது'ம்பாங்க. செவுத்தப் பாத்துத்தான் சொல்லுவாங்க."

அப்படியே எழுதினேன். மூன்றாவது அங்கத்தில் அவள் கணவனை ஒரு முறைகூட எப்படியும் அழைப்பதில்லை. சோறு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காத்திருப்பு அறையில் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாவது சிக்கல் பனி. கோயம்புத்தூரில் பனி கொட்டி ரயில் நிற்காது. "மழை, வெள்ளம்னு வெச்சுக்கலாமுங்களா?" என்றார் மருத்துவர். "இல்லீன்னா பஸ் ஸ்ட்ரைக்?" நான் ஒன்றும் வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் அந்தக் காட்சியை எழுதினேன். அதற்கு எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு நடந்தது.

கல்யாணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவிநாசியில் மாமனார் வீட்டில் இருந்தோம். புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் பிரெஞ்சு ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சியும் அங்கேயே வேலையும் என்று நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் கணவரிடம் சொன்னேன். "போயிட்டு வா" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பையோடு மெயின் ரோட்டில் சேலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு வெள்ளை மாருதி என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. கணவரின் பெரியப்பா. நான் பெரிய மாமா என்று அழைப்பேன். ஊரில் எல்லோருக்கும் அவர்மேல் மதிப்பு.

"ஏங்கண்ணு, இந்த வெயில்ல நின்னுட்டிருக்கற?"

சொன்னேன்.

"அட, அதுக்கென்ன, போலாம். ஏறு சாமி. ஊட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு, நானே சேலம் வரைக்கும் கொண்டாந்து உட்டுர்றேன்."

வேண்டாம் மாமா என்றேன். பையை அவரே வாங்கி வண்டியில் வைத்தார். வீட்டுக்குப் போனோம். காபி வந்தது. அவர் வந்திருக்கிறார் என்று மாமியார் சமையலை ஆரம்பித்தார். நான் தேங்காய் துருவினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய மாமா கொஞ்சம் படுத்தார். எழுந்தபோது மணி நான்கு. "இனிமேப் போனா அங்க எறங்கறப்போ நடுச்சாமம் ஆயிரும். பொம்பளப்புள்ள தனியா வேண்டாங்கண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நேர்காணல்தான் நாளைக்கு. யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. இலையில் எனக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றினார்கள்.

தற்செயலாக அவர் அந்த வழியாக வந்தார், என் நேரம் அப்படி என்று பிறகு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதை யாரிடமும் பேசியதில்லை. மகள் பிறந்தாள், கோயம்புத்தூருக்கு வந்தோம், பள்ளிக்கூட வேலை கிடைத்தது.

பிரதி முடிந்ததும் ஆசிரியை ஒரு முறை வீடியோவில் பேசினார். அறுபது வயதிருக்கும். பின்னால் அவருடைய சமையலறை தெரிந்தது.

"பனிக்குப் பதிலாக ஒரு மனிதரை வைத்திருக்கிறீர்கள். அவர் கெட்டவரா?" என்று கேட்டார்.

"இல்லை, மிகவும் நல்லவர்."

"அப்படியானால் அவள் ஏன் முடியாது என்று சொல்லவில்லை?"

"அவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்து, "இது உங்களுக்கு நடந்ததா?" என்றார். இல்லை என்றேன். பிரெஞ்சில் பொய் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

பத்து நாளில் ஒப்புதல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. என் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. கணவர் காரில் கொண்டு வந்து விட்டார். மழை விடட்டும் என்று உள்ளே வந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்று வக்கீல் பெரியவராக நடித்த அந்தக் காட்சிதான் ஒத்திகை. நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போகும்போது நவ இந்தியா சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அது எங்க பெரியப்பாதானே?"

"நாவல்ல பனி. இங்க பனி இல்லியேன்னு..."

"நல்லாத்தான் இருக்குது. அந்த ஒண்ண மட்டும் எடுத்துப்போட்டீன்னா தேவல அம்மணி. நாலு பேரு பாப்பாங்க. உனக்குத் தெரியாததா?"

சரி என்றேன். மறுநாளே மருத்துவரிடம் போய் அந்தக் காட்சியை எடுத்துவிடலாம் என்றேன். அவர் நோயாளியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒப்புதல் ஆயிடுச்சேங்க மேடம். அவங்களக் கேக்காமத் தொட முடியாதுங்களே." உரிமைப் பெண்மணிக்கு எழுதினேன். பதில் மூன்றே வரி. ஆசிரியைக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்ததே அந்தக் காட்சிதான், அதை நீக்க அவர் சம்மதிக்கமாட்டார், மன்னிக்கவும்.

கணினியை மூடிவிட்டுச் சமையலறையில் நின்றேன். ஒரு பக்கம் கையெழுத்து, இன்னொரு பக்கம் சிக்னலில் சொன்ன சரி. நான் எழுதிய காட்சி என்னையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. உடம்பு சரியில்லை, இனி வரவில்லை என்று மருத்துவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அன்று மாலையே மாதுளம்பழத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கணவர்தான் கதவைத் திறந்தார். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, வருவா" என்று அவரே சொன்னார். வீட்டுக்கு வந்தவரிடம் அவரால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

பெரிய மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நம்ம வீட்டுப் பிள்ளை நாடகம் எழுதியிருக்கிறாள், பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். கணவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். ஏசி ஒத்துக்கொள்ளாது, ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில், நாடகம் மேடையேறிய அன்று, அவரே அவிநாசி போய் அழைத்து வந்தார். முதல் வரிசையில் உட்கார வைத்தார். நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாப் காட்சி வந்தபோது மேடையைப் பார்க்கவில்லை, முதல் வரிசையைத்தான் பார்த்தேன். பெரிய மாமா முன்னால் சாய்ந்து, கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கவனித்தார். கணவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வெளியே வந்தேன். கூட்டத்தில் பெரிய மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா எழுதியிருக்கற கண்ணு. அந்தப் பெரியவரு அப்பிடியே நாந்தான். அந்தப் புள்ளயப் பத்தரமா ஊட்ல கொண்டாந்து சேத்துப்போட்டாரு பாரு." அவர் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணே ஒண்ணுதான் உட்டுட்ட. அந்தப் போனு."

"எந்தப் போனுங்க மாமா?"

"அன்னிக்கு உம்பட ஊட்டுக்காரன் போன் பண்ணுறப்போ நா தோட்டத்துல இருந்தேன். சட்டையக்கூட மாத்தாம வண்டிய எடுத்துட்டு ஓடியாந்தேன். அதக் காணமே?"

பக்கத்தில் யாரோ புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நின்றேன். சிரித்தும் இருக்கிறேன், படத்தில் தெரிகிறது.

மறுநாள் காலை கணவர் பட்டறைக்குக் கிளம்பும் முன் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீங்க போன் பண்ணுனீங்களா?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பண்ணுனேன்."

"எதுக்குங்க?"

"வெயிலு. வெயில்ல நின்னுட்டிருப்பியேன்னுதான்." பிறகு, "போயிட்டு வான்னு சொல்லிப்போட்டேன். சொன்னதுக்கப்புறம் போகாதேன்னு எப்பிடிச் சொல்றது? நீ போனா வர மாட்டீன்னு பட்டுது" என்றார்.

"வந்திருப்பேன்."

"தெரியல அம்மணி. எனக்கு அப்பிடிப் பட்டுது."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் பள்ளிக்குப் போய் எட்டாம் வகுப்புக்கு எதிர்கால வினைகளை நடத்தினேன். கோபம் உடனே வரவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. தற்செயல் என்று இத்தனை ஆண்டுகள் நம்பி, அதையே அழகான காட்சியாக எழுதி, கடல் தாண்டி ஒப்புதலும் வாங்கியிருக்கிறேன். கோபம் இரண்டு நாள் கழித்து, துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் வெகுநேரம் நின்றேன். கீழே இறங்கி வந்து யாரிடம் என்ன சொல்வது? அவர் மறைக்கவில்லை. நான்தான் கேட்டதில்லை.

அன்று மாலை ஒரு சிறு காட்சி எழுதினேன். பேக்கரிக்காரன் மாவுக் கையைத் துடைத்துவிட்டுத் தன் பெரியப்பாவுக்குப் போன் செய்கிறான். அவ ரோட்டுல வெயில்ல நிக்கிறா, கொஞ்சம் ஊட்டுல கொண்டாந்து உட்டுருங்க என்கிறான். போனை வைத்துவிட்டு மறுபடி மாவில் கையை வைக்கிறான். மொத்தம் ஆறு வரி. பிரெஞ்சிலும் எழுதி அனுப்பினேன். நடந்தது எனக்குத்தான் என்றும், அன்று பொய் சொன்னேன் என்றும் ஆசிரியைக்குத் தனியாக ஒரு பத்தி சேர்த்தேன்.

ஆசிரியையிடமிருந்து பதில் இல்லை. நான்காம் பாகத்துக்காக எங்கோ போய் உட்கார்ந்து எழுதுகிறாராம். உரிமைப் பெண்மணி எழுதினார். இந்த ஒப்பந்தம் முடியும்வரை பிரதி இப்போது உள்ளபடியே நடிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும்போது பரிசீலிக்கலாம். மருத்துவரிடம் காட்டினேன். "அடுத்த வருசம் சேத்துக்கலாமுங்க மேடம். இப்பவே நல்லாத்தானுங்களே போகுது?" என்றார்.

நல்லாத்தான் போகிறது. ஈரோட்டு மேடையில் பெரியவர் பையை வாங்கி வண்டியில் வைத்தபோது கைதட்டினார்கள். சோமனூர்க்காரி திரைக்குப் பின்னால் வந்து, "அக்கா, எதுக்குக் கைதட்டறாங்க?" என்று என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த பிரதியில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவளுக்கு மூன்றாவது அங்கம் இன்னும் பாக்கி இருந்தது. போய்ச் சுவரைப் பார்த்து நின்று, சோறு இருக்கிறது என்று சொன்னாள்.

பொள்ளாச்சியிலும் நாடகம் போடக் கேட்டிருக்கிறார்கள். எந்தத் தேதி என்று கணவர் நேற்றுக் கேட்டார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

"எதுக்கு அம்மணி? நானே கொண்டாந்து உட்டுர்றேன்" என்றார்.

தேதியைச் சொன்னேன். நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.